சன்ஃபிஷ் பிடிக்க அல்ட்ராலைட் தூண்டில்: மீனின் வாயிலிருந்து தொடங்குங்கள்

வட அமெரிக்காவில் ஏரியோ குளமோ மெதுவாக ஓடும் ஆறோ, நன்னீர் தேங்கும் இடமாக இருந்தால் அங்கே பெரும்பாலும் சன்ஃபிஷ் என்ற சிறு மீன் இருக்கும். படகு வேண்டாம், விடியும் முன் எழ வேண்டாம், கரையில் நின்றே பிடிக்கலாம். அப்படியிருந்தும் முதல்முறை போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் புழு மட்டும் காணாமல் போயிருக்கும். மீன் இருக்கிறது, பசியோடும் இருக்கிறது. முள்தான் அதன் வாய்க்குள் போகவில்லை.

எல்லா மீனுக்கும் ஏற்றது என்று விற்கப்படும் தூண்டில் செட்டுகள் அநேகமாக பாஸ் மீனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. விறைப்பான ராட் (தூண்டில் கோல்), 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்), பெரிய உருண்டைத் தக்கை, அதற்கேற்ற பருமனான முள். கால் பவுண்டு எடையுள்ள மீனுக்கு இதில் எதுவுமே பொருந்தாது. அதற்காக ஒரு அல்ட்ராலைட் ராட் மட்டும் வாங்கி, பழைய நரம்பையும் முள்ளையும் அதில் மாட்டினாலும் பயன் இல்லை. அல்ட்ராலைட் என்பது மிக லேசான, ஒன்றுக்கொன்று எடை பொருந்திய ஒரு முழு அமைப்பு. மீனின் வாயை முதலில் பார்த்து, அதற்கேற்ற முள், முள்ளுக்கேற்ற எடை, எடைக்கேற்ற நரம்பு, நரம்புக்கேற்ற ராட், கடைசியாக ரீல் என்று வந்தால் தவறான பொருளை வாங்கவே மாட்டீர்கள். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

மீனின் வாய்

வாணலியில் முழுதாகப் பொரிக்கும் அளவுள்ள சிறு மீன்களுக்கு பான்ஃபிஷ் என்று பொதுப்பெயர், சன்ஃபிஷ்களும் அதற்குள் வருகின்றன. உங்களுக்கு முதலில் மாட்டப்போவது அநேகமாக ப்ளூகில் என்ற சன்ஃபிஷ். பக்கவாட்டில் தட்டையான உடல், செவுள்மூடியின் முனையில் ஒரு கறுப்பு மடல், முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் மங்கலான கரும்புள்ளி, இவற்றை வைத்து அடையாளம் காணலாம். வாய் மிகச் சிறியது. ஆறேழு அங்குல மீனின் வாய்க்குள் உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைவதே சிரமம்.

பம்ப்கின்சீட்டுக்கும் வாய் அதே அளவுதான். மடலின் நுனியில் ஆரஞ்சு அல்லது சிவப்புப் பொட்டு இருக்கும். ரெட்இயர் என்ற சன்ஃபிஷ், நத்தைகளை ஓட்டோடு நொறுக்கித் தின்னும் மீன், ஆகவே அது தரையை ஒட்டியே மேயும். கிரீன் சன்ஃபிஷ்ஷுக்கு உடலை விட வாய் பெரிது என்று சொல்லத் தோன்றும். எதைப் போட்டாலும் விழுங்கிவிடும். கிராப்பியின் வாய் அகலமானது, ஆனால் உதட்டைச் சுற்றியுள்ள சவ்வு மிக மெல்லியது, பலமாகச் சுண்டினால் கிழிந்துபோகும். யெல்லோ பெர்ச் சன்ஃபிஷ் குடும்பமே இல்லை, ஆனாலும் இதே தூண்டிலுக்கு நன்றாகக் கடிக்கும்.

ப்ளூகில்லின் உலக சாதனை 4 பவுண்டு 12 அவுன்ஸ். 1950-ல் அலபாமா மாநிலத்தின் கெடோனா ஏரியில் பிடித்தது. அந்த இனத்தின் உச்சமே அவ்வளவுதான். நாம் கரையில் நின்று பிடிப்பது கால் பவுண்டு, மிஞ்சினால் அரை பவுண்டு. இந்த எடையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தானாகப் புரியும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ப்ளூகில் இரையைப் பாய்ந்து கவ்வுவதில்லை. பக்கத்தில் வந்து நிற்கும், பார்க்கும், பிறகு சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். அந்த உறிஞ்சு விசை வாய்க்கு மிக அருகில்தான் வேலை செய்யும், கொஞ்சம் தள்ளிப்போனாலே வலுவிழந்துவிடும். உள்ளே வந்தது பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும். உங்கள் முள் கனமாக இருந்தாலும் சரி, நரம்பு விறைப்பாக இருந்தாலும் சரி, மேலே ஒரு பெரிய தக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, இரை அந்த உறிஞ்சலோடு உள்ளே போகாது. புழுவின் நுனி மட்டும் போகும். அல்ட்ராலைட் தேவைப்படுவதற்கான முழுக் காரணமும் இதுதான். சின்ன மீனோடு மல்லுக்கட்டும் சுகம் அப்புறம் வருவது.

முள்ளும் இரையும்

முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறுத்துக்கொண்டே போகும். 10-ம் எண் முள் 6-ஐ விடச் சிறியது. ப்ளூகில், பம்ப்கின்சீட் போன்றவற்றுக்கு 8 அல்லது 10 வாங்குங்கள். பெர்ச்சுக்கு 6 அல்லது 8, கிராப்பிக்கு 4 அல்லது 6. ஒரே ஒரு அளவுதான் வாங்க முடியும் என்றால் 8. மெல்லிய கம்பியில், நீண்ட தண்டோடு வரும் அபர்டீன் வகைதான் நமக்குத் தேவை. கம்பி மெலிதாக இருப்பதால் புழு சிதையாது, தண்டு நீளமாக இருப்பதால் சிறு வாயிலிருந்து பிடித்து எடுக்கவும் வசதி. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் நழுவாது, கழற்றும்போது அதற்குக் காயமும் குறையும்.

மண்புழுதான் எல்லா இடத்திலும் செல்லும் இரை. முழுப் புழுவை மாட்டாதீர்கள். அரை அங்குலத் துண்டு போதும், நுனி சற்றே தொங்கி அசையும்படி முள்ளில் கோத்துவிடுங்கள். நீளமாகத் தொங்கவிட்டால் மீன் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும், நீங்கள் சுண்டும்போது முள் வெறும் தண்ணீரில் இருக்கும். மெழுகுப்புழு, மாவுப்புழு, உயிர்ச் சில்வண்டு எல்லாமே நன்றாக எடுக்கும். மெழுகுப்புழு ஒன்றை முழுதாகவே மாட்டலாம், அளவு அவ்வளவு பொருத்தம்.

உயிர் இரை வேண்டாம் என்றால் ஜிக். முள்ளின் கழுத்திலேயே எடையை வார்த்துச் செய்த தூண்டில் முள்தான் ஜிக். எடைகள் அவுன்ஸின் பின்னங்களில் இருக்கும்: 1/64 அவுன்ஸ் என்பது சுமார் 0.44 கிராம், 1/32 சுமார் 0.9 கிராம், 1/16 சுமார் 1.8 கிராம். 1/32-ல் தொடங்குங்கள். மீன் தயங்கித் தயங்கிக் கொத்தும் நாளில் 1/64, காற்று அடித்தால் அல்லது ஆழத்துக்கு இறக்க வேண்டியிருந்தால் 1/16. அதில் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குல மென்பிளாஸ்டிக் புழு மாட்டலாம். என் விருப்பம் மராபூ இறகு கட்டிய ஜிக். நீங்கள் அசைக்காமல் இருந்தாலும் இறகு தண்ணீரில் தானாக மூச்சுவிடும், புதியவர் கைக்கு அது பெரிய உதவி.

ஜிக் வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எடை 1/32 என்றிருக்கும், ஆனால் அதில் 4-ம் எண் முள் வார்த்திருப்பார்கள். அது கிராப்பிக்கானது. பொட்டலத்தில் முள்ளின் எண்ணையும் பார்த்து 8 அல்லது 10 எடுங்கள். நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பு, வெள்ளை, பளிச்சென்ற மஞ்சள்பச்சை என்று மூன்று இருந்தால் போதும்.

மீன் எங்கே நிற்கிறது என்று தெரியாதபோது சிறு ஸ்பின்னர் கைகொடுக்கும். பீட்டில் ஸ்பின் மாதிரி பக்கவாட்டுக் கம்பியில் தகடு சுழலும் வகை நரம்பை அதிகம் முறுக்காது. மெப்ஸ் 0 போல நடுக்கம்பியைச் சுற்றியே தகடு சுழலும் வகை நன்றாக மீன் பிடிக்கும், நரம்பையும் நன்றாக முறுக்கும். அதற்கு மேலே ஒரு சிறிய ஸ்விவல் (சுழலும் இணைப்பு) கட்டிக்கொள்ளுங்கள்.

எடைக்குண்டு, ஜிக் இரண்டிலும் ஈயத்தைத் தவிர்த்துவிடுங்கள். அறுந்து தரையில் கிடக்கும் ஈயக்குண்டுகளைக் கூழாங்கல்லோடு சேர்த்து லூன் பறவைகள் விழுங்கி, விஷமேறிச் செத்துப்போகின்றன. ஒரு குண்டே ஒரு பறவையைக் கொல்லப் போதும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு அவுன்ஸ் வரையுள்ள ஈயக்குண்டு, ஈய ஜிக் இரண்டையும் 2016 முதல் நன்னீரில் பயன்படுத்தக் கூடாது, விற்கவும் கூடாது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டையும் ஈய ஜிக்கையும் மீன்பிடிக்கும்போது கையில் வைத்திருப்பதே தவறு. நாம் பயன்படுத்துவது எல்லாம் ஒன்றிரண்டு கிராம் சமாச்சாரம் என்பதால் இந்தச் சட்டங்கள் நேரடியாக நம்மைத்தான் சொல்கின்றன. வெள்ளீயக் குண்டு விரலால் நசுக்கும் அளவுக்கு மிருது, டங்ஸ்டன் ஜிக் ஈயத்தைவிட உருவில் சிறியது. சிறிய வாய்க்கு அது நல்லதும்கூட.

நரம்பு

4 பவுண்டு நைலான் மோனோ, அதாவது ஒற்றையிழை நரம்பு. புதியவருக்கு இதற்கு மேல் யோசனை வேண்டாம். சுமார் 0.20 மில்லிமீட்டர் தடிமன். ஒரு கிராம் ஜிக்கைக்கூட நன்றாக இழுத்துச் செல்ல விடும், எதிர்பாராமல் ஒரு இரண்டு பவுண்டு பாஸ் மாட்டினாலும் பொறுமையாக இருந்தால் தாங்கும். 2 பவுண்டு நரம்பு இன்னும் தூரம் எறியும், ஆனால் செடியில் உரசினால் போச்சு. 6 பவுண்டு நரம்பு சின்ன ரீலிலிருந்து சுருள்சுருளாகக் கிளம்பும், 1/64 ஜிக் அதை நேராக்க முடியாமல் தொங்கும்.

ஃப்ளூரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு தண்ணீரில் குறைவாகத் தெரியும், மூழ்கவும் செய்யும். தக்கை போடும்போது நரம்பு மூழ்கினால் இடைஞ்சல், தவிர அது விறைப்பு அதிகம். பின்னல் நரம்பு மெலிதாக இருந்தும் பலமானது, நீளாது. தொடுதல் துல்லியமாகக் கைக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் எடை குறைந்த ஜிக்கோடு அது காற்றில் தொய்ந்து முடிச்சாகும், அந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே பாதி நேரம் போகும். அவை இரண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நைலான் வெயிலில் வலுவிழக்கும், ரீலில் அது சுற்றியிருக்கும் ஸ்பூலின் வடிவத்துக்குச் சுருண்டுபோகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் கடைசி இரண்டு அடியை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

ஒரே ஒரு முடிச்சு கற்றுக்கொண்டால் போதும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை மூல நரம்பின் மேல் ஐந்து சுற்று சுற்றுங்கள். காதுக்கு அருகே ஒரு சிறு கண்ணி விழுந்திருக்கும், அதில் நுனியை விடுங்கள். அப்போது மேலே ஒரு பெரிய கண்ணி உருவாகும், அதிலும் விட்டு எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் 4 பவுண்டு நரம்பு 2 பவுண்டுக்கு வந்துவிடலாம். ஜிக்குக்கு இன்னொரு கவனம்: இறுக்கிய முடிச்சைக் காதின் மேற்பக்கம் நகர்த்தி, ஜிக் தண்ணீரில் கிடைமட்டமாகத் தொங்கும்படி வையுங்கள். தலைகுத்தாகத் தொங்கும் ஜிக் எந்தப் பூச்சியைப் போலவும் இல்லை.

ராட்

ராடின் அடிப்பகுதியில், கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் இரண்டு வரம்புகள் அச்சாகியிருக்கும். ஒன்று எறியும் எடை, இன்னொன்று நரம்பு. எறியும் எடை 1/32 முதல் 3/16 அவுன்ஸ் அல்லது அதற்கு அருகில், நரம்பு 2 முதல் 6 பவுண்டு என்று இருந்தால் அது நமக்கான ராட். அல்ட்ராலைட் என்று பெயர் போட்டிருந்தும் 1/16-ல் தொடங்கும் ராடுகள் உண்டு. பெயரை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

காரணம் இதுதான். எறியும்போது ஜிக்கைத் தள்ளுவது உங்கள் கை அல்ல, வளைந்து நிமிரும் ராட். ராடை வளைக்க வேண்டியது ஜிக்கின் எடை. ஒரு கிராம் எடைக்கு வளையாத ராட் அந்த ஒரு கிராமை எறியவும் செய்யாது. எவ்வளவு பலமாக வீசினாலும் பத்தடியில் விழும். ஆகவே நுனி மட்டும் வளையும் விறைப்பான ராடைவிட, நடுவரை வளைந்து கொடுக்கும் மிதமான ராட் புதியவருக்கு நல்லது. கிராப்பியின் மெல்லிய வாய் கிழியாமல் காப்பாற்றுவதும் அதே வளைவுதான்.

நீளம்? கிளைகள் தொங்கும் சிறு ஓடைக்கரை என்றால் 5 அடி. திறந்த குளத்தங்கரைக்கு 6 முதல் 7 அடி. ஒன்றுதான் வாங்குவது என்றால் 6 அடியை எடுங்கள். நீண்ட ராட் தூரமும் எறியும், தண்ணீரில் கிடக்கும் நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும் உதவும். ஃபைபர்கிளாஸ் ராட் மெதுவாக வளையும், அடி தாங்கும்; குழந்தைகள் கைக்கு அதுதான் சரி. கிராஃபைட் எடை குறைவு, மீன் தொடுவது விரலில் தெரியும். ஆனால் கிராஃபைட் மின்சாரம் கடத்தும். இடி முழக்கம் கேட்டால் உடனே ராடைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மேலே மின்கம்பி போகும் இடத்தில் எறியாதீர்கள்.

ரீல்

500 அல்லது 1000 என்று எண் போட்ட ஸ்பின்னிங் ரீல். 500 மிகச் சிறியது, நரம்பு இறுக்கமான சுருளாகச் சுற்றும். எனக்கு 1000-தான் பிடிக்கும். எடை 200 கிராமை ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் ராடோடு சேர்த்து ஒற்றைக்கையில் நாள் முழுக்கப் பிடிக்கலாம். பேரிங் எத்தனை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பொருட்படுத்தாதீர்கள். பார்க்க வேண்டியது டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் அறுந்துவிடாமல் நரம்பை நழுவவிடும் பிரேக். குமிழைத் தளர்த்தி நரம்பைக் கையால் இழுத்தால் தயங்காமல், விட்டுவிட்டு அல்லாமல் ஒரே சீராக ஓட வேண்டும். மெல்லிய நரம்பு அறுவது பெரும்பாலும் டிராக் கிளம்பும் அந்த முதல் கணத்தில்தான்.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள். 4 பவுண்டு நரம்புக்கு 1 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட அரை கிலோ. தராசு தேவையில்லை. அரை லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலில் நரம்பைக் கட்டி, ராடின் வளையங்கள் வழியே விடாமல், ரீலிலிருந்து நேராகத் தூக்கிப் பாருங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும் தருணத்தில் ஸ்பூல் மெல்ல நழுவத் தொடங்கினால் சரி.

நரம்பு சுற்றும்போது ஸ்பூலின் விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். அதைவிடக் குறைந்தால் எறியும்போது விளிம்பில் உரசித் தூரம் போகாது, கூடினால் கொத்தாகக் கிளம்பும். எறிந்து முடித்ததும் கைப்பிடியைச் சுழற்றி மூடாமல், எறிவதற்காகத் திறந்த பெயில் கம்பியைக் (ஸ்பூலின் மேல் வளைந்திருக்கும் கம்பி) கையாலேயே மூடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி முறுக்கைத் தடுத்துவிடும்.

சிறு குழந்தைக்கு வாங்குவதானால் பொத்தானை அழுத்தி எறியும் மூடிய ரீல் போதும். அந்த வகையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து ஸெப்கோ. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. 1949-ல் ரீல் செய்ய ஆரம்பித்தது, 1954-ல் வந்த அதன் 33 என்ற மாடலின் வழிவந்தவை இன்றும் விற்பனையில் இருக்கின்றன. மிக லேசான ஜிக்கை அது நன்றாக எறியாது, ஆனால் தக்கையும் புழுவும் போடத் தாராளம்.

தக்கையைச் சமன் செய்வது

இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும், தக்கை தவறினால் எல்லாம் வீண். ஆகவே இங்கே சற்று நின்று நிதானமாகப் பார்ப்போம்.

உருண்டையான சிவப்பு வெள்ளைத் தக்கை பார்க்க அழகு. ஆனால் அதைத் தண்ணீருக்குள் இழுக்க நல்ல பலம் வேண்டும். ப்ளூகில் உறிஞ்சும்போது அந்த எதிர்ப்பு தெரிந்தால் துப்பிவிடும், மேலே உங்களுக்கு ஒரு சிறு சிலிர்ப்பு மட்டும் தெரியும். பென்சில் வடிவத்தில் மெலிந்த தக்கை வாங்குங்கள். அதைவிட முக்கியம், அதன் மிதப்பை எடையால் தீர்த்துவிடுவது.

வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் இதைச் செய்யலாம். நரம்பில் தக்கையை மாட்டி, கீழே முள் கட்டி, முள்ளுக்கு ஆறேழு அங்குலம் மேலே ஒரு சிறு குண்டை நசுக்கிப் பொருத்துங்கள். தண்ணீரில் விடுங்கள். தக்கையில் பாதி வெளியே தெரிந்தால் இன்னொரு குண்டு. இப்படிச் சேர்த்துச் சேர்த்து, வண்ணமிட்ட நுனி மட்டும் கால் அங்குலம் வெளியே நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு சின்னக் குண்டு போட்டால் மூழ்கிவிடும் என்ற நிலைதான் சரியான நிலை. பெரிய குண்டு ஒன்றைவிடச் சிறியவை மூன்று நல்லது. கனமானவற்றைத் தக்கைக்கு அருகிலும், மிகச் சிறியதை முள்ளுக்கு அருகிலும் வைத்தால் இரை இயல்பாக, மெதுவாக இறங்கும்.

இப்படிச் சமன்செய்த தக்கை கீழே போவதை மட்டும் காட்டாது. மீன் இரையை எடுத்துக்கொண்டு மேலே வந்தால் குண்டின் எடை தக்கையிலிருந்து விலகி, நுனி உயரும் அல்லது தக்கை சாய்ந்து படுக்கும். அதுவும் கடிதான், உடனே சுண்டுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தாலும் அப்படியே. தக்கை முழுதாக மறையட்டும் என்று காத்திருப்பவர்கள் பாதிக் கடிகளைத் தவறவிடுகிறார்கள், மீதியில் மீன் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருக்கும்.

ஆழம் ராடின் நீளத்தை நெருங்கும்போது நிலையாகக் கட்டிய தக்கையை எறிய முடியாது. அப்போது நழுவும் தக்கை. முதலில் நரம்பில் ஒரு நூல் முடிச்சு, அதன் கீழே சிறு மணி, பிறகு நடுவில் துளையுள்ள தக்கை, அதற்குக் கீழே குண்டுகள், கடைசியில் முள். எறியும்போது தக்கை குண்டுவரை இறங்கி நிற்கும். தண்ணீரில் விழுந்ததும் இரை இறங்க, நூல் முடிச்சு வந்து மணியில் இடித்து நிற்கும். முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும். நூல் முடிச்சு ரீலுக்குள்ளும் சுருண்டு போய்விடும் என்பதால் எவ்வளவு ஆழமும் வைக்கலாம்.

ஜிக்கையும் தக்கையின் கீழே தொங்கவிடலாம். 1/64 அல்லது 1/32 ஜிக், மேலே மெலிந்த தக்கை. ராட் நுனியால் ஒரு சின்னத் தட்டு, பிறகு நாலைந்து வினாடி சும்மா இருங்கள். கடி அநேகமாக அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் வரும்.

எங்கே, எப்போது, எப்படி

கிளம்பும் முன் லைசென்ஸ். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும், கனடாவில் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாகக் கொடுக்கிறது, இணையத்திலேயே எடுத்துவிடலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தேவையில்லை. எத்தனை மீன் எடுக்கலாம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். மின்னசோட்டாவில் பொதுவாக ஒரு நாளைக்கு 20 சன்ஃபிஷ், ஆனால் குறிப்பிட்ட சில ஏரிகளில் 10 அல்லது 5 மட்டுமே. போகும் ஏரியின் பெயரைத் தேடி விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

கரைக்குப் போனதும் தூரத்தைப் பார்க்காதீர்கள், காலடியைப் பாருங்கள். படகுத்துறையின் நிழல், சாய்ந்து விழுந்த மரம், அல்லி இலைகளின் ஓரம், நீர்ச்செடி முடியும் விளிம்பு, இங்கெல்லாம்தான் சன்ஃபிஷ் நிற்கும். இரண்டு மூன்றடி ஆழத்தில் ஆரம்பியுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் கொத்தவில்லை என்றால் ஓரடி ஆழம் கூட்டுங்கள், அப்புறமும் இல்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ஓரிடத்தில் ஒன்று இருந்தால் பத்து இருக்கும். கோடை நண்பகலில் பெரியவை செடியின் வெளிவிளிம்பில் ஆழத்துக்குப் போய்விடும். காலையும் மாலையும் கரைக்கு வரும்.

எறியும்போது ராட் நுனியிலிருந்து ஓரடி நரம்பு தொங்கட்டும். ஆள்காட்டி விரலில் நரம்பைப் பிடித்து, பெயிலைத் திறந்து, ராடைப் பின்னால் கொண்டுபோய் அது வளைவதை உணர்ந்த பிறகு முன்னால் கொண்டுவாருங்கள். வீச வேண்டாம், ராடே எறியும். எதிர்க்காற்று இருந்தால் பக்கவாட்டில் தாழ்வாக எறியுங்கள்.

கடி தெரிந்ததும் மணிக்கட்டை மட்டும் லேசாகத் தூக்கினால் போதும். மெல்லிய கம்பி முள் அதற்கே ஏறிவிடும். மீன் பக்கவாட்டைத் திருப்பித் தட்டையான உடலால் தண்ணீரைத் தள்ளி வட்டமிடும்; இந்த ராடில் அந்த எதிர்ப்பு முழங்கைவரை தெரியும். டிராக் பார்த்துக்கொள்ளும், அவசரப்படாதீர்கள். கரையில் தூக்கும்போது ராடைச் செங்குத்தாகப் பின்னால் சாய்க்கக் கூடாது, நுனி முறிவது அப்போதுதான். நரம்பைக் கையில் பிடித்துத் தூக்குங்கள்.

கையில் வந்த பிறகு

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். முதுகுத் துடுப்பின் முன்பாதி கூரான முட்கள். தலைப்பக்கத்திலிருந்து வால் நோக்கி உள்ளங்கையைத் தடவிக்கொண்டு போனால் அவை மடங்கிவிடும். மெலிந்த மூக்குள்ள ஃபோர்செப்ஸ் ஒன்று கண்டிப்பாகச் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அத்தனை சிறிய வாயில் விரலுக்கு வேலை இல்லை. தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்து, ஏறிய வழியிலேயே திருப்பி எடுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாதீர்கள், நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விட்டுவிட்டால் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை எட்டும் வசந்த காலத்தின் கடைசியில் ஆண் ப்ளூகில்கள் ஆழம் குறைந்த இடத்தில் வாலால் தரையைத் துடைத்து வட்டக் குழிகளைச் செய்யும், ஒன்றையொட்டி ஒன்றாகப் பல குழிகள் இருக்கும். முட்டையிட்டதும் பெண் போய்விடும், ஆண்தான் காவல். காவலுக்கு நிற்பதால் எதைப் போட்டாலும் கடிக்கும், அதனாலேயே பெரிய ஆண்கள் வாளிவாளியாகப் பிடிபடுகின்றன. அது போனால் சில நிமிடங்களில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். அதோடு நிற்பதில்லை. பெரிய ஆண்கள் இல்லாத குளத்தில் சின்ன ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டு இளம் வயதிலேயே இனப்பெருக்கத்துக்கு இறங்கிவிடும். சில ஆண்டுகளில் குளம் முழுக்கக் கையளவுக்கும் குறைந்த மீன்களே மிஞ்சும். ஆகவே குழிகளில் நிற்கும் பெரியவற்றை விட்டுவிடுங்கள். சாப்பிடத்தான் வேண்டும் என்றால் நடுத்தர அளவில் சிலவற்றை எடுத்து உடனே ஐஸில் போடுங்கள்.

பிடித்த மீனை வேறு குளத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. 1960-ல் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்கா வந்தபோது சிகாகோ மேயர் அவருக்கு ப்ளூகில்களைப் பரிசாகக் கொடுத்தார். வளர்ப்புக்காகக் கொண்டுபோன அவை நாடெங்கும் ஏரிகளில் பரவி அங்குள்ள மீன்களை அழித்தன. 2007-ல், பேரரசராக, அதற்காக அவரே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

இதே விதி மண்புழுவுக்கும் பொருந்தும். பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த பெரும் ஏரிகள் பகுதிக் காடுகளில் மண்புழுவே இயற்கையாகக் கிடையாது. இரையாகக் கொண்டுவந்து கொட்டியவை அங்கே தரையின் இலைச்சருகைத் தின்று தீர்க்கின்றன, அந்தச் சருகை நம்பி முளைக்கும் செடிகள் அழிகின்றன. மிஞ்சிய புழுவைக் கரையில் கொட்டாதீர்கள். டப்பாவோடு மூடி வீட்டுக்கு எடுத்து வந்து குப்பையில் போடுங்கள், வெட்டிய நரம்புத் துண்டுகளையும் அதோடு சேர்த்து.